சுவரைப் பார்த்து உட்கார்ந்த டிரைவர்

விசாரணை என்றால் விசாரிக்கப்படுகிறவர் அதிகாரிகளைப் பார்த்துதான் உட்கார்ந்திருப்பார். நான் பார்த்த ஒரு விசாரணையில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஸ்டேஷனின் வெயிட்டிங் ஹால் அது. பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். எதிரே ஒரு நாற்காலி, அதன் முதுகு அவர்கள் பக்கம். அதில் கூட்ஸ் டிரைவர் செல்லையா, இடது கையில் மாவுக்கட்டோடு. மூக்குக்கு ஒரு முழம் தள்ளிச் சுண்ணாம்புச் சுவர். சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை அவர் எத்தனை தடவை படித்தாரோ தெரியாது.

அவர் அப்படித் திரும்பி உட்கார்ந்தது தண்டனையால் இல்லை. அவருடைய மாமியார் சாட்சி சொல்ல வந்திருந்தார், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம்

சென்ற வாரம், அப்பாவின் பலசரக்குக் கடையிலிருந்து தப்பித்து நான் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா ஆன கதையைச் சொன்னேன். பாளையம்பட்டியில் எங்கள் கடைக்கு வந்தவர்களெல்லாம், "புளி நிறுக்கப் பயந்துக்கிட்டு உங்க மகன் ரயிலேறிட்டானாமே" என்று அப்பாவைச் சீண்டினார்கள். ரயிலேறி எங்கே போனேன்? திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஒரு குட்டி ஸ்டேஷனுக்கு. வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். பெயரை மட்டும் கேட்காதீர்கள். எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அறுபதுகளில்தான் அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு லைன் போட்டார்கள். நான் போன சமயத்தில் தண்டவாளம் புதிது, மற்றதெல்லாம் பழையது. வேறு ஸ்டேஷன்களில் கழித்துப்போட்ட நாற்காலி, கடிகாரம், மணி எல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்தன. நான் ஏற்றி அனுப்பிய சரக்கு பெரும்பாலும் கருவேலங்கரி மூட்டை. சட்டை எப்போதும் கரியாக இருந்ததால், இன்ஜின் டிரைவர் என்று நினைத்து எனக்குப் பெண் கொடுக்க விசாரித்தவர்கள்கூட உண்டு.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெறும் வயதுக்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். ஸ்டேஷனில் இருந்த சிவப்புக் கொடி வெயிலில் வெளுத்து ரோஜாப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. புதுக் கொடி கேட்டு எழுதினார். பழைய கொடியைத் திருப்பி அனுப்பினால்தான் புதியது தருவோம் என்று பதில் வந்தது. அனுப்பிவிட்டால் நடுவில் வருகிற ரயிலுக்கு எதைக் காட்டுவது? வேட்டியையா? மாஸ்டர் அனுப்பவில்லை, அவர்களும் தரவில்லை.

ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தின் மேல் வைத்தால், சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கிற பட்டாசும் ஒரு தகர டப்பாவில் இருந்தது. டப்பா துருப்பிடித்து மூடி திறக்கவே வராது. திறக்காத டப்பாவுக்குள் சரக்கு பத்திரமாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினோம்.

மழைக்காலத்தில் லைனைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஓர் ஆள் இருந்தார். இந்தக் காய்ந்த பூமியில் மழை எங்கே பெய்யப் போகிறது என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். அப்படி யோசித்தவருக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

மாப்பிள்ளை ஊதல்

செல்லையா, லைனை ஒட்டிய அந்த ஊரின் மாப்பிள்ளை. மனைவியோடு விருதுநகரில் ரயில்வே வீட்டில் இருந்தார். அவர் கூட்ஸ் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் மச்சினன்மார்கள் வயலில் நின்று தலைத்துண்டை உருவி ஆட்டுவார்கள். பங்காளிகளும் ஆட்டுவார்கள். செல்லையா இரண்டு சின்ன ஊதலும் ஒரு நீள ஊதலும் கொடுப்பார். அதற்கு 'மாப்பிள்ளை ஊதல்' என்றே பெயர். விதிப் புத்தகத்தில் அப்படி ஓர் ஊதல் கிடையாது.

ஊதல் கேட்டதும் மாமியார் பேச்சியம்மாள் கோழியைப் பிடிப்பார். பாசஞ்சர் வண்டிக்கு வழிவிட்டு கூட்ஸ் எங்கள் ஸ்டேஷனில் மணிக்கணக்கில் நிற்கும். அதற்குள் கோழி குழம்பாகி, தூக்குவாளியில் ஸ்டேஷனுக்கு வந்துவிடும்.

பேச்சியம்மாளே தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் பிளாட்பாரம் ஏறமாட்டார். அந்த ஊரில் மாமியார், மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் பேசுவார். யாரும் இல்லையென்றால் மேய்கிற ஆட்டிடம் பேசுவார்.

"ஏ ஆடே, கொழம்பு ஒறைப்பா இருக்கான்னு அவுககிட்டக் கேளு."

"நல்லாருக்குன்னு சொல்லு" என்று செல்லையாவும் ஆட்டிடமே பதில் சொல்வார். ஆடு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும்.

இந்தப் பந்தியில் மூன்றாவது ஆள் ஃபயர்மேன் சூசை. நரிக்குடிப் பக்கத்துப் பையன், கல்யாணமான புதிது. கரி அள்ளிப் போடுகிற சட்டுவத்தைக் கழுவி, அடுப்பு வாயில் காட்டி, அதிலேயே முட்டை பொரிப்பான். எனக்கும் ஒன்று தருவான். கரி வாடையோடு அப்படி ஒரு ருசி. "இன்ஜினு முட்டை போட்டுச்சு, சாப்பிடுங்க சார்" என்பான். சிரித்தால் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும்.

ஆளுக்கொரு கூடை மண்

ரயில்வே கரை அந்த ஊர்க் கண்மாயின் வரத்துத் தண்ணீரைக் குறுக்கே மறித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் போக ஒரு சின்னப் பாலம் வைத்தார்கள். தவறான இடத்தில் வைத்துவிட்டார்கள். பெய்கிற நாலு தூறலும் அந்தப் பாலத்துக்குள் நுழைந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போனது. பாலத்தை மாற்றிக் கட்டித் தாருங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்காத அதிகாரி இல்லை.

கேட்டு அலுத்துப்போய், ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்கு ஒரு கூடை களிமண், ஒரு கட்டு வைக்கோல், பனையோலை. மேளம் வைக்காததுதான் குறை. எல்லாரும் சேர்ந்து பாலத்தின் கண்ணை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் கரையை ஒட்டியே ஓடி அவர்கள் கண்மாய்க்குப் போய்ச் சேரும். கரை இரவும் பகலும் தண்ணீரில் ஊறும். அதுவும் கரிசல் மண்ணில் போட்ட கரை. ஊறினால் களி மாதிரி ஆகிவிடும். ஆனால் மழையே பெய்யாத ஊரில் ஊறுவதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

இதெல்லாம் திருட்டுத்தனமாக நடக்கவில்லை. லைனைக் கவனிக்கிற இன்ஸ்பெக்டர், நாலு பேர் தள்ளுகிற டிராலியில் குடை பிடித்து வருவார். ஒருமுறை இறங்கி, "இது என்ன அடைப்பு?" என்று கேட்டார். தண்டவாளத்தைப் பராமரிக்கிற ஆட்களின் கேங் மேஸ்திரிக்கும் அந்தக் கண்மாயின் கீழ் நிலம் இருந்தது.

"மண்ணு அரிக்காம அணை குடுத்திருக்கோம்யா" என்றார் மேஸ்திரி.

"பலே, மத்த பாலத்துக்கும் இப்படியே செய்யி" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் டிராலியில் ஏறினார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

ஆட்டினார்கள், ஊதினார்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி. பல வருஷம் ஏமாற்றிய மழை, வட்டியும் முதலுமாகப் பெய்தது. கண்மாய் நிறைந்தது. ஊரே கரையில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்தது. பேச்சியம்மாள் தன் துண்டு நிலத்துக்கு நாற்றுப் பாவ ஏற்பாடு செய்துவிட்டார்.

ஒரு நாள் காலை மழை விட்டிருந்தது. மேஸ்திரி முழங்கால் சேற்றோடு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார்.

"மாஸ்டரய்யா, பாலத்துக்கிட்டக் கரை எறங்குது. வண்டிய நிப்பாட்டுங்க!"

மாஸ்டர் முந்தைய ஸ்டேஷனுக்கு போன் செய்தார். தூத்துக்குடி உப்பு ஏற்றிய கூட்ஸ் அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. டிரைவர் செல்லையா.

போர்ட்டர் ரோஜாப்பூக் கொடியையும் தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மூடியைக் கல்லால் உடைத்துப் பட்டாசை எடுத்து, பாலத்தைத் தாண்டித் தண்டவாளத்தில் வைத்தோம். அதற்குள் மேஸ்திரி போட்ட சத்தத்தில் ஊரே லைனுக்கு வந்துவிட்டது. ஆண்கள் துண்டை ஆட்டினார்கள். பெண்கள் முந்தானையை ஆட்டினார்கள். வண்டி தூரத்தில் தெரிந்தது.

இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல்.

மச்சினன்மார்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். செல்லையா வெளியே தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். பட்டாசின் மேல் சக்கரம் ஏறியது. நமத்துப்போன அப்பளம் உடைகிற சத்தம்கூட வரவில்லை.

இன்ஜின் பாலத்தைத் தொட்டதும் கரை உட்கார்ந்தது. இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த உப்பு வேகன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கண்மாய்க்குப் போகிற தண்ணீருக்குள் கவிழ்ந்தன. செல்லையா சேற்றில் வந்து விழுந்தார். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு நெற்றியில் ஒரு வீக்கத்தோடு இறங்கி வந்து, "என்னப்பா ஸ்டேஷன் வந்துருச்சா?" என்று கேட்டார்.

மூட்டை மூட்டையாக உப்பு சிதறிக் கிடந்தது. சிலர் அந்த நிலையிலும் கூடையைத் தேடினார்கள். அப்புறம்தான் சூசையைக் காணோம் என்று யாரோ கத்தினார்கள்.

இன்ஜினுக்கும் கரிப்பெட்டிக்கும் நடுவில் இருந்தான். கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தபோது உயிர் இல்லை. கூடை தேடியவர்கள் கூடையைக் கீழே போட்டார்கள். இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இந்த இடத்தில் எனக்கு எழுத வரவில்லை. அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

காபியில் உப்பு

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் தனிப் பெட்டியில் வந்தார்கள். பெரியவர் சென்னைக்காரர், கண்டிப்பானவர். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்ல என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

முதலில் காபி வந்தது. பெரிய அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"காபியில யார்யா உப்பைப் போட்டது?"

"ரயில்வேதாங்கய்யா" என்றார் போர்ட்டர்.

அவர் சொன்னது நிஜம். அத்தனை உப்பும் கரைந்து கண்மாய்த் தண்ணீர் கரித்தது. கூடை கூடையாக மண் சுமந்து பிடித்த தண்ணீர், ஆடுகூட வாய் வைக்காத தண்ணீர் ஆகிவிட்டது.

அடுத்து மாஸ்டர், அருப்புக்கோட்டையில் சொந்தக் காசில் துணி எடுத்துத் தைத்த செக்கச்சிவந்த கொடியை மேஜையில் வைத்தார். "அன்னிக்குக் காட்டின கொடி இதுதானா?" என்று அதிகாரி கேட்டார். "இது நேத்துச் சாயங்காலம் வந்ததுங்கய்யா" என்றார் போர்ட்டர், பெருமையாக. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

செல்லையாவின் நிலைமை மோசமாக இருந்தது. ஆபத்துச் சைகையைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் ஓர் உயிரைப் பலிகொடுத்தார் என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. வேலை போவதோடு நிற்காது, கோர்ட்டு, ஜெயில் என்று பேசிக்கொண்டார்கள்.

பாலத்தை அடைத்ததை ஊர் ஒப்புக்கொண்டால் அவர் பாரம் பாதி இறங்கும். ஊர் முந்தின நாளே கூடிப் பேசி முடிவெடுத்திருந்தது. ஒப்புக்கொண்டால் ஊர் மேல் கேஸ் வரும். அடைப்பை எடுத்துவிட்டு ஆள் போட்டுக் காவல் காப்பார்கள். இந்த வருஷத் தண்ணீர் போனது போகட்டும், வருகிற வருஷங்களின் தண்ணீரும் போய்விடும்.

"மாப்பிள்ளைக்கு வேற வேலை கெடைக்கும். கண்மாய்க்கு வேற தண்ணி கெடைக்குமா?" என்றார் ஊர்த் தலைவர். அதோடு கூட்டம் கலைந்தது.

எனவே சாட்சிகள் வரிசையாக வந்து, "மழை பேஞ்சுச்சுங்கய்யா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பாலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்றார் ஒருவர். மச்சினன்மார்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதையே சொன்னார்கள். செல்லையா அவர்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் சாட்சி

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"கிளார்க்குத் தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்னு பெரியவுககிட்டச் சொல்லுய்யா."

பேச்சியம்மாள். சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். ஊர்த் தலைவர் எழுந்து, "ஏத்தா, வீட்டுக்குப் போ" என்று அதட்டினார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டார்.

"உள்ள வரமாட்டேன், மாப்பிள்ளை உக்காந்திருக்காக."

"அதனால என்ன?"

நான் விளக்கினேன். அதிகாரிக்குப் புரியவில்லை, மறுபடி விளக்கினேன். செல்லையாவைச் சற்று வெளியே அனுப்பலாமா என்று கேட்டேன். விசாரிக்கப்படுகிறவர் இல்லாமல் சாட்சி வாங்கக்கூடாது, விதி அப்படி என்றார். ஜன்னல் வழியாகச் சொல்லட்டுமே என்றேன். சாட்சி அறைக்குள் நின்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் விதி. ரயில்வே விதி ஒரு பக்கம், மாமியார் விதி ஒரு பக்கம். இரண்டுமே வளையாது.

கடைசியில் செல்லையாவே எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பேச்சியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாலத்த அடைச்சது நாங்கதான்யா. வருசா வருசம் அடைப்போம். நானும் ஒரு கூடை மண்ணு போட்டேன். எம் மண்ணுந்தான் கரையைச் சரிச்சுச்சு. என்னியப் பிடிச்சுட்டுப் போங்க."

ஊர்த் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"துண்ட ஆட்டினீங்களே, அவர் ஏன் நிறுத்தலை?"

"நெதமும்தான ஆட்டுறோம்! நெதமும் ஆட்டுனா அவுக ஊதுவாக. நாங்கதான் அப்படிப் பழக்கிவிட்டோம். அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"பாலத்தை அடைச்சது ரயில்வேக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? தள்ளுவண்டில கொடை பிடிச்சுக்கிட்டு வருவாகளே, அவுக பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாகளே." சுற்றிலும் பார்த்து, மூலையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரைக் கண்டுபிடித்துவிட்டார். "இந்தா இருக்காகல்ல!"

இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரிகள் காபி இடைவேளை அறிவித்தார்கள், காபி இல்லாமலே.

சூசை சொன்னது

திரும்பி வந்தபோது மூன்று பேர் முகத்திலும் தெளிவு. ஊர் மேல் கேஸ் போட்டால் இன்ஸ்பெக்டர் பெயர் வரும். இன்ஸ்பெக்டர் பெயர் வந்தால் பாலத்தைத் தவறான இடத்தில் வைத்த கதை வரும். கொடி வரும், பட்டாசு வரும், எடுத்துவிட்ட காவல் வேலை வரும். அதனால் எல்லாருக்கும் தோதாக ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். என்னிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள்.

எதிர்பாராத கனமழை. கரை சரிவு. முன்னால் பார்த்து டிரைவரை எச்சரிப்பது ஃபயர்மேனின் கடமை, அதில் அவர் தவறிவிட்டார். விபத்துக்கு அவரே பொறுப்பு.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். ஊர்த் தலைவர் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். செத்தவனை யார் வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள்? ஆனால் பொறுப்பு அவன் மேல் என்று எழுதிவிட்டால், அவன் மனைவிக்கு ரயில்வே கொடுக்க வேண்டியது ஒன்றும் போய்ச் சேராது. அது எனக்குத் தெரியும். செல்லையாவுக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போட்டுட்டா நீர் போகலாம், செல்லையா" என்றார் அதிகாரி.

அவரைத் திருப்பி உட்காரச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டிருந்தோம். பேச்சியம்மாள் வெளியே போய் ஜன்னலோரம் நின்றிருந்தார். செல்லையா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அவன் பாக்கலைன்னு எழுதாதீங்க சார். பாத்ததே அவன்தான். 'அண்ணே, பொம்பளைகளும் சேந்து ஆட்டுறாக, என்னமோ சரியில்ல, பிரேக்கப் போடுங்க'ன்னு சொன்னான். அந்த ஊர்ல பொம்பளைக என்னைப் பாத்துத் துண்டாட்ட மாட்டாக. எனக்குத் தோணிருக்கணும். 'ஏலே, கண்மாய் பெருகிருச்சுலே, சந்தோசத்துல ஆடுறாக'ன்னு நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ஊதினேன்."

பெரிய அதிகாரி பேனாவை மூடினார்.

"யோசிச்சுப் பேசும். இதை எழுதினா நீர் இன்ஜின் பக்கமே போக முடியாது. உமக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கு."

"இருக்காங்க சார். அவனுக்குப் பிறக்கப் போற பிள்ளை நாளைக்கு எங்கப்பன் என்ன தப்புப் பண்ணினான்னு கேக்கக்கூடாது. எழுதுங்க."

எழுதினார்கள். எழுதாமல் விட முடியாதபடி அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயிலுக்கு அனுப்பவில்லை. இன்ஜினிலிருந்து இறக்கி, ஷெட்டில் சாம்பல் அள்ளுகிற வேலைக்குப் போட்டார்கள். சூசையின் மனைவிக்கு வர வேண்டியது வந்தது. பாலத்தையும் ஒருவழியாக இடம் மாற்றிக் கட்டினார்கள்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு செல்லையா எழுந்திருக்கவில்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பேச்சியம்மாளின் குரல் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, என்னிடம்தான் சொன்னார்.

"தம்பி, எம் மகள நல்ல எடத்துலதான் குடுத்திருக்கேன்னு அவுககிட்டச் சொல்லு."